பள்ளத்து வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு: எங்கள் தெருவின் கல்வாழைப் படுகை

எங்கள் தெருவில் 19 வீடு. மேலே குருசடியில் (சிலுவை வைத்த சின்னக் கோயில்) ஆரம்பித்து, கீழே ஏத்தவாழை (நேந்திரன்) போட்டிருக்கும் வயலில் முடியும் இறக்கம். அந்த இறக்கத்தின் கடைசி வீடு என்னுடையது. ஊரில் எனக்குப் பள்ளத்து வீட்டு டெய்லரக்கா என்றுதான் பேர். மேலே யார் வீட்டில் சாளை மீன் கழுவினாலும், யார் வீட்டில் கல்யாணப் பாத்திரம் விளக்கினாலும், அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து நின்றது என் புறவாசலில்தான். இருபது வருஷம் அப்படித்தான் இருந்தது. 2022 ஜூனில் தெருவின் அடுக்களை, குளியல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கல்வாழைப் படுகை வந்தது, அதிலிருந்து அப்படி இல்லை. என்ன மாறியது, எவ்வளவு மாறியது, எது இன்னும் மாறவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். குலசேகரம் பக்கமிருந்தும் கருங்கல் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "எப்படிக்கா இருக்கு, எங்க ஊர்ல வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இது நல்லது.

படுகைக்கு மதிப்பெண் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நாலு.

நாங்கள் இருப்பது கல்குளம் தாலுகாவில், தக்கலைக்குத் தெற்கே. ஆளுக்கு ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனை. அதற்குள்ளேயே வீடு, ஒரு மூலையில் கிணறு, இன்னொரு மூலையில் கக்கூஸ் குழி, நடுவில் நாலு தென்னை. மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் வெட்டுக்கல் பாறை வந்துவிடும். அந்தப் பாறை பார்க்கத்தான் கெட்டி, உள்ளே முழுக்கப் பொத்தலும் வெடிப்பும். மேலே ஊற்றிய தண்ணீர் மண்ணில் வடிகட்டிப் போக நேரமே இல்லாமல் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு ஓடிவிடும். போதாக்குறைக்கு இரண்டு மழைக்காலமும் நம் மாவட்டத்துக்கு உண்டு. இடவப்பாதியும் (ஜூன் மழை) பெய்யும், ஐப்பசி கார்த்திகையும் பெய்யும். அந்த மாதங்களில் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிற அளவுக்கு ஏறி வரும். நிலத்தடித் தண்ணீர் அவ்வளவு மேலே நிற்கும்போது உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்? "வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி போட்டால் போதும்" என்று கூட்டத்தில் சொன்னவர்கள் எல்லோரும் இறக்கத்தின் மேலே குடியிருந்தவர்கள்.

குழாயும் மோட்டாரும் வருவதற்கு முன்னால் இது இவ்வளவு பெரிய பிரச்சினையாக இல்லை. கயிற்றில் இறைத்தபோது கை வலிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் செலவானது. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. கொடுக்கிற தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று இஞ்சினியர்கள் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் 76 பேர். பெருக்கிப் பார்த்தால் 4,180 லிட்டர் வரும், அதில் 3,300 லிட்டருக்குக் கிட்டே கழிவு. கக்கூஸுக்குப் போவதைக் கழித்து, சொந்தக் கிணற்று மோட்டார் தண்ணீரைக் கூட்டினால், கணக்கு மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. தினமும் மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர் சோப்புத் தண்ணீர் என் புறவாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது.

2021 நவம்பர் மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மழையில் தெரு ஓடை பொங்கி என் கிணற்றின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. மழை விட்ட மறுநாள் காலை வாளியை விட்டு இறைத்தேன். தண்ணீரின் மேலே சோப்பு நுரை மிதந்தது, நுரையில் ஒரு கருவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம் என் பேத்திக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயசு. அதற்குப் பிறகுதான் சர்ச்சின் அன்பியக் கூட்டத்திலும் அம்மன் கோயில் கமிட்டியிலும் ஒரே வாரத்தில் இதே பேச்சு வந்தது.

இதற்கு முன் ஒரு தடவை பணத்தை விட்டிருக்கிறோம், அதையும் சொல்ல வேண்டும். 2019-இல் ஒரு கம்பெனி ஆள் வந்து, ஆலையில் செய்து லாரியில் கொண்டுவரும் நீல நிறத் தொட்டி ஒன்றை வைத்துக் கொடுத்தார். உள்ளே மோட்டார் இடைவிடாமல் காற்று ஊதும், காற்றில் வாழும் கிருமிகள் அழுக்கைத் தின்னும், ஒரு நாளில் தண்ணீர் தெளியும். முதல் இரண்டு மாதம் நிஜமாகவே நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிருமிகளுக்குக் காற்று நின்றால் உயிர் நின்றது. கரண்ட் போய் ஒரு நாள் ஆனால் தொட்டி அழுகிய முட்டை வாடை அடிக்கும். திரும்ப உயிர் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். 2017-இல் ஒக்கி புயல் அடித்துப் பல நாள் இருட்டில் கிடந்த ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் இருபத்திநாலு மணி நேரமும் ஓட வேண்டிய மோட்டாரை நம்பியிருக்கக் கூடாது. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்ற சண்டை தனி. ஏழாவது மாதம் மோட்டார் கருகியது. ரிப்பேருக்குக் கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தொட்டியில் இப்போது ஒரு வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது தடவை வந்தது மோட்டாரே இல்லாத ஏற்பாடு. எங்கள் பக்கத்துச் சிவில் இஞ்சினியர் தம்பி ஒருவர் போட்ட திட்டம். ஆரோவில்லில் இந்த மாதிரிச் சுத்திகரிப்பைப் பல வருஷமாகச் செய்து வருகிறார்கள், அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வரைந்தார். கட்டியது எங்கள் தெருவிலேயே இருக்கும் கொத்தனார் மாமா. இடம், குருசடிக்குச் சொந்தமான, வயலை ஒட்டிச் சும்மா கிடந்த இரண்டரை சென்ட்.

தண்ணீர் போகும் வழி இதுதான். ஒவ்வொரு வீட்டு அங்கணத்துக்கும் (பாத்திரம் கழுவும் இடம்) வெளியே சல்லடை வைத்த ஒரு சின்னத் தொட்டி. அங்கிருந்து 4 இஞ்ச் பைப், தெருவில் 6 இஞ்ச் பைப். 60 அடிக்கு ஓரடி இறக்கம் வரும்படி மாமா டியூப் லெவல் வைத்து, நூல் கட்டி, ஒவ்வொரு பைப்பாகப் படுக்க வைத்தார். கீழே வந்ததும் முதலில் எண்ணெய்த் தொட்டி. அப்புறம் மண்டி படியும் தொட்டி. அப்புறம் நாலு அறை உள்ள தடுப்புத் தொட்டி. இதில் ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் குழாய் வழியாக அடிக்குப் போய், அங்கே கிடக்கும் கறுத்த சேற்றின் ஊடே மேலேறி, அடுத்த அறைக்குத் தாவும். அந்தச் சேற்றில் இருப்பவை காற்றே வேண்டாத கிருமிகள். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை வேலை செய்யும். ஆரம்பிக்கும்போது பத்து வாளி சாணிக் கரைசல் ஊற்றித்தான் அவற்றைக் குடியேற்றினோம். நன்றாகப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் வாடை இருந்தது. அப்போது "இதுவும் பழைய கதைதான்" என்று பேசினவர்கள் உண்டு. புதிதாக வைக்கப் போகிறவர்கள் இந்த மூன்று மாதத்துக்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். காற்றுக் குழாயை மட்டும் கூரைக்கு மேலே போகும்படி உயர்த்தி வையுங்கள், பாதி வாடை குறையும்.

கடைசியில்தான் படுகை. 40 அடி நீளம், 13 அடி அகலம், இரண்டடி ஆழம். ஏறக்குறைய ஒன்றேகால் சென்ட். அடியிலும் பக்கத்திலும் சிமெண்ட் பூசி, தண்ணீர் மண்ணில் இறங்காமல் அடைத்து, உள்ளே முழுக்கச் சின்ன ஜல்லி. தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மட்டும் பெரிய கல். மேலே கல்வாழை, சிவப்பும் மஞ்சளும். ஜல்லிக்கு நடுவே உள்ள இடுக்கில் பத்தாயிரம் லிட்டர் வரை நிற்கும், அதனால் இன்று உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர மூன்று நாள் ஆகிறது. தண்ணீரின் மட்டம் எப்போதும் ஜல்லிக்கு நாலு விரல் கீழேதான். அதனால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. என் தையல் மெஷின் கிடப்பது இந்தப் படுகையைப் பார்த்த ஜன்னலில். முன்பெல்லாம் மாலை ஐந்து மணி ஆனால் ஜன்னலை அடைத்துவிடுவேன், கொசு அப்படி வரும். இப்போது எட்டு மணிக்கும் திறந்து வைத்துத் தைக்கிறேன். ஒரே ஒரு தடவை வெளியேறும் குழாயில் வேர் புகுந்து அடைத்து ஜல்லிக்கு மேலே தண்ணீர் தேங்கியது. ஒரு வாரத்தில் புழு வந்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை அந்தக் குழாயின் முட்டியைக் கழற்றிப் பார்க்கிறோம்.

பார்க்க வருகிற எல்லோரும் கல்வாழைப் பூவைப் போட்டோ எடுக்கிறார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது எண்ணெய்த் தொட்டியை. ஏனென்றால் இந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

நாம் சமைப்பதும் தேங்காய் எண்ணெய், தலைக்குத் தேய்ப்பதும் தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். மார்கழி விடியற்காலையில் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே வெளுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு தட்டு உறைந்து கிடக்கும். என் இஞ்ச் டேப்பை வைத்து ஒரு சனிக்கிழமை அளந்தபோது ஒன்றரை இஞ்ச் கனம். அதில் சாளைச் செதிள் பளபளவென்று பதிந்திருக்கும், கடுகு, தேங்காய்ச் சக்கை, ஒரு பிள்ளையின் பின்னல் ரப்பர். சிரட்டையால் ஓரத்தை வெட்டினால் தட்டு தட்டாகக் கழன்று வரும். அதை வாளியில் போட்டு, சாம்பலும் சருகும் கலந்து, வாழைத் தோட்டத்துக் குழியில் மூடுகிறோம். வாரத்துக்கு ஒரு வாளி. இதை ஒரு மாதம் விட்டால் எண்ணெய் அடுத்த தொட்டிக்குப் போகும், அதற்கடுத்த மாதம் ஜல்லிக்குப் போகும். ஜல்லியில் எண்ணெய் ஏறினால் படுகை அடைத்துக்கொள்ளும், பிறகு அத்தனை ஜல்லியையும் வாரி வெளியே போட்டுக் கழுவ வேண்டியதுதான்.

இதை யார் செய்வது என்பதில்தான் எங்கள் தெரு முதலில் தடுமாறியது. வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தோம். ஐந்தாவது வாரமே முறை நின்றுவிட்டது. "எக்கா, இதுக்கெல்லாம் ஆள் இருக்காவ, நீங்க எதுக்குக் கைய வைக்கியோ?" என்றார் ஒருவர். அவர் எந்த ஆட்களைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மீன் தின்றது நாம், எண்ணெய் தேய்த்தது நாம், அதை அள்ள மட்டும் வேறொரு தெருவில் பிறந்த ஆள் வர வேண்டுமா? மறுநாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு நானே மூடியைத் திறந்தேன். கொத்தனார் மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அப்படியே இரண்டு பேரும் மூன்று வருஷம் ஓட்டிவிட்டோம். மாதம் வீட்டுக்கு 60 ரூபாய் பிரிக்கிறோம், மொத்தம் 1,140. அதில் 800 ரூபாய் எங்கள் இரண்டு பேருக்கும் கூலி, மீதி மண்டி அள்ளும் லாரிக்குச் சேர்கிறது. கூலி வாங்கக் கூச்சப்பட வேண்டாம் என்று முதலில் சொன்னது மாமாதான், அது சரிதான். சும்மா செய்கிற வேலைக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஆள் வராது. வீட்டுச் சல்லடையை மட்டும் அந்தந்த வீட்டார் கழுவுகிறார்கள்.

மண்டித் தொட்டி எப்போது நிறைகிறது என்று பார்க்க ஒரு வழி சொல்லித் தந்தார்கள். நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, சற்று வைத்திருந்து மெல்ல எடுக்க வேண்டும். சேறு இருக்கும் உயரம் வரை துணியில் கறுப்பு ஒட்டும். என்னிடம் மல் துணி வெட்டுத் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு கறுத்தால் லாரியைக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு முதல் தடவை கூப்பிட 26 மாதம் ஆனது. லாரிக்கு முன்னால் ஒரு ஆள் வந்து, உள்ளே இறங்கி வாளியால் அள்ளித் தருகிறேன், லாரியைவிடக் குறைவாக வாங்கிக்கொள்கிறேன் என்றார். வயசு முப்பது கூட இருக்காது. அந்தத் தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் நிற்கும், இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்தப் பையன் திரும்ப வரப்போவதில்லை. அவருக்குக் கட்டன் காப்பி கொடுத்து, தெருவில் தென்னைக்குத் தடம் வெட்டும் வேலையைக் கொடுத்து அனுப்பினோம். தயவு செய்து உங்கள் ஊரிலும் யாரையும் இறக்காதீர்கள். குழாய் விட்டு உறிஞ்சும் லாரி வந்து நிற்கும்படி தொட்டிக்குப் பக்கத்தில் பத்தடிப் பாதை விட்டுக் கட்டுங்கள். எங்களுக்கு அந்தப் பாதை இல்லை, 90 அடி ஹோஸ் தேடி அலைந்தோம்.

இரண்டு தடவை படுகை சீக்கில் விழுந்தது. முதல் தடவை ரப்பர். மேல் வீடு ஒன்றில் ஷீட் அடிக்கிறார்கள். ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் பிழிந்து எடுப்பார்கள். பிழிந்து வரும் தண்ணீரைத் தெருவில் விடாமல் நல்ல எண்ணத்தில்தான் அந்த அண்ணாச்சி எங்கள் பைப்பில் சேர்த்தார். பத்து நாளில் தடுப்புத் தொட்டியிலிருந்து புளித்த வாடை கிளம்பியது. படுகையிலிருந்து வெளியே வந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்து வந்தது. என்ன காரணம் என்று தெரியாமல் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் மாமா மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தொட்டியாக மூடி திறந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்து, அந்த வீட்டு வாசலில் நின்றார். "ஆசிட்டு கொஞ்சந்தானே பிள்ளே விடுகேன்" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம்தான். ஆனால் ஷீட் தண்ணீரில் ஆசிட் மட்டுமா இருக்கிறது, பாலின் சத்து முழுக்க அதில்தான் போகிறது. அடுக்களைத் தண்ணீருக்கு என்று பழகின கிருமிகளால் அதைத் தாங்க முடியவில்லை. இப்போது அவர் தனிக் குழியில் விட்டு, சுண்ணாம்பு போட்டு, இரண்டு நாள் கழித்து நிறையத் தண்ணீர் கலந்து தென்னை மூட்டில் (அடியில்) ஊற்றுகிறார். படுகை தேற ஆறு வாரம் ஆனது. ரப்பர் ஊர்களில் இதை வைக்கிறவர்கள் முதல் கூட்டத்திலேயே ஷீட் மெஷின் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இதே மாதிரிதான், அங்கணத்தில் கொட்டக் கூடாது.

இரண்டாவது சீக்கு மழைத் தண்ணீர். இரண்டு வீட்டார் மொட்டை மாடித் தண்ணீரையும் இதே பைப்பில் விட்டுவிட்டார்கள். 600 சதுர அடி மாடியில் ஓர் இஞ்ச் மழை பெய்தால் 1,400 லிட்டர். இரண்டு மாடிக்கு 2,800. தெரு முழுவதும் ஒரு நாள் முழுக்க விடும் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமமானது அரை மணி நேரத்தில் வந்து இறங்கினால், தொட்டியில் படிந்த சேறெல்லாம் கலங்கி ஜல்லிக்குள் போகத்தானே செய்யும்? குழாயை வெட்டி ஓடையில் விடச் சொல்லிச் சண்டை போட வேண்டியிருந்தது. இரண்டு வீட்டில் ஒரு வீட்டு மைனி இன்றுவரை என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பதில்லை. போகட்டும்.

சரி, வெளியே வருகிற தண்ணீர் எப்படி? வெளிறிய டீத்தண்ணி நிறம், வாடை இல்லை. நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். பி.ஓ.டி. என்று ஒரு கணக்கு இருக்கிறது, தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது. லிட்டருக்கு 22 மில்லிகிராம் வந்தது. ஆற்றிலோ குளத்திலோ விட 30 வரை, நிலத்துக்குப் பாய்ச்ச 100 வரை அரசாங்கம் அனுமதிக்கிறது. ஆனால் அதே காகிதத்தில் குடல் கிருமிகள் நிறைய இருப்பதாகவும் போட்டிருந்தது. பிள்ளையின் அழுக்குத் துணி துவைத்த தண்ணீரும் இதில்தானே வருகிறது. அதனால் வாழைக்கும் தென்னைக்கும் மூட்டில் மட்டும் விடுகிறோம். கீரைக்கு விடுவதில்லை, தெளிப்பதில்லை, தெளிவாக இருக்கிறதே என்று யாரும் கால் கழுவ விடுவதும் இல்லை. வயல்காரர் இந்த வருஷம் கோடையில் ஏத்தனுக்கு ஒரு நாள்கூட மோட்டார் போடவில்லை என்று சொன்னார். மிஞ்சுகிற தண்ணீர் முன்பு கறுப்பாகக் குளத்துக்குப் போய், அங்கிருந்து வள்ளியாற்றில் சேர்ந்து, கடியபட்டணத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என் கிணற்றை நான் வேறு மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன். மருந்து போட்ட சின்ன பாட்டில் கிடைக்கிறது, அதில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடும். 2022 மே மாதம் வைத்தது மறுநாள் காலையிலேயே மை மாதிரி ஆனது. படுகை வந்து பதினாலு மாதம் கழித்து வைத்தது நிறமே மாறவில்லை. அந்தப் பாட்டிலை மெஷின் மேலேயே ஒரு வாரம் வைத்திருந்தேன். துணி கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பேத்தியும் வந்து உற்றுப் பார்த்தாள்.

ஆனால் அந்த வருஷம் கார்த்திகையில் மறுபடி வைத்தபோது கறுத்தது. மே மாதம் மாதிரி மையாக ஆகவில்லை, அடியில் சாம்பல் படிந்த மாதிரி. அதற்கடுத்த கார்த்திகையிலும் அப்படியே. காரணம் எனக்குத் தெரியும். குறைத்த ஒரு மதிப்பெண் இதற்குத்தான். இந்தப் படுகைக்கு வருவது அடுக்களை, குளியல், துவைக்கிற தண்ணீர் மட்டும்தான். கக்கூஸ் தொட்டிகள் அவரவர் வீட்டில் அப்படியேதான் இருக்கின்றன. மேலே உள்ள தொட்டிகளில் பாதிக்கு அடியில் சிமெண்டே பூசவில்லை, வெறும் உறையை இறக்கி மேலே மூடியிருக்கிறார்கள். செப்டிக் டேங்க் என்று சொல்கிறோமே தவிர அது ஓட்டைக் குழி. வெயில் காலத்தில் பிரச்சினை தெரியாது. மழையில் நிலத்தடித் தண்ணீர் ஏறி அந்தக் குழியைத் தொட்டதும், வெட்டுக்கல் வெடிப்பு வழியாக என் கிணற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. இதைப் படுகையின் குறை என்று சொல்வது நியாயமில்லை, ஆனாலும் திட்டம் போடும்போதே சொல்லியிருக்க வேண்டும். "இனிக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்" என்று திறப்பு விழாவில் ஒருவர் மைக்கில் பேசினார். குடிக்க முடியாது. நான் இன்றும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பைப்பு, தொட்டி, படுகை எல்லாம் சேர்த்து 7 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. வீட்டுக்கு 8,000 போட்டோம், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் அனுப்பினார்கள், மீதி பஞ்சாயத்து. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஐயாயிரம் பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீருக்கென்று ஆளுக்கு 280 ரூபாய் வரை உண்டு. எங்கள் 76 பேருக்குப் பெருக்கினால் 21,280 ரூபாய், உறிஞ்சுகுழிக்கு அது போதும். உறிஞ்சுகுழி ஒத்துவராத எங்களைப் போன்ற ஊர்களுக்கும் அதே கணக்கை வைத்தால் எப்படி? அடுத்த கிராம சபையில் இதை எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லப் போகிறேன்.

சின்னக் குறைகள் இரண்டு. எண்ணெய்த் தொட்டி மூடியைக் கான்கிரீட்டில் போட்டுவிட்டார்கள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாமாவுக்கு அறுபத்தெட்டு வயசு. போன வருஷம் விரல் நசுங்கி நகம் போனது. அதற்குப் பிறகு ஃபைபர் மூடி மாற்றினோம், முதலிலேயே அதைப் போடுங்கள். இன்னொன்று, முதலில் படுகையின் ஒரு பாதியில் சம்புப் புல் நட்டார்கள். அது காடாக மண்டி, வெட்டி முடியவில்லை. பிடுங்கிவிட்டு முழுக்கக் கல்வாழை ஆக்கிவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறுத்து வாழை மூட்டில் போட்டால் போதும்.

வந்து பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள், அப்போதுதான் மூடி திறப்போம். மேல் வீடுகளில் மூன்று பேர் கக்கூஸ் தொட்டிக்கு அடி பூச இப்போது சம்மதித்திருக்கிறார்கள். சித்திரையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது வேலை தொடங்குவதாக மாமா சொல்லியிருக்கிறார். மூன்று தொட்டியும் முடிந்த பிறகு வரும் கார்த்திகையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பேன்.